காலி வீடு என்று போட்டிருந்தது

முனிலட்சுமிக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, கைதான் பேசும். திட்ட மாட்டாள், அழ மாட்டாள், தட்டைத் தூக்கி எறிய மாட்டாள். எதையாவது எடுத்து வைத்துக்கொண்டு தேய்க்கத் தொடங்கிவிடுவாள். தேன்கனிக்கோட்டைப் பக்கம் அவள் பிறந்த ஊரில், அப்பா கங்கப்பன் போட்டிருந்த ஒன்றரை ஏக்கர் ராகியை, அறுப்புக்கு நான்கு நாள் இருக்கும்போது யானைகள் இறங்கித் துவைத்துவிட்டுப் போயின. அம்மா வயலிலேயே உட்கார்ந்து மண்ணை வாரித் தூற்றினாள். பதினோரு வயது முனிலட்சுமி மட்டும் வீட்டுக்குத் திரும்பி வந்து, இருந்த பாத்திரம் அத்தனையையும் வாசலில் இறக்கிச் சாம்பல் போட்டு விளக்கினாள். அடுப்பில் ஏற்ற ஒன்றும் இல்லாத வீட்டில் பாத்திரம் மட்டும் பளபளவென்று இருந்தது.

ஓசூருக்கு வந்த பிறகும் அந்தக் குணம் போகவில்லை. வண்டிகளுக்கான ஒயர் பின்னும் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. கடைசி மேசையில் உட்கார்ந்து, கோணல்மாணலாக வருகிற ஒயருக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளுவது அவள் பொறுப்பு. லைன் லீடர் ஒருநாள் எல்லார் முன்னிலையிலும் அவளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டான். தப்பு அவள் மேல் இல்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் மின்விசிறியின் மூன்று றெக்கைகளையும் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவினாள். ஷிப்ட் முடிந்து வந்த புருஷன் சம்பங்கி, தரையில் காய்ந்துகொண்டிருந்த றெக்கைகளைப் பார்த்தான். தானே போய் டீ போட்டுக் குடித்தான். வாயில் விரல் வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனுஷன்.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் ஆறு வீடு மாறியாகிவிட்டது. ஒரு வீட்டுக்காரருக்கு மகன் கல்யாணம், இன்னொருவருக்கு மாடி எடுக்க வேண்டும், வேறொருத்திக்கு வாஸ்துக்காரன் சமையலறையை இடிக்கச் சொல்லிவிட்டான். குடியிருக்கிறவனைக் கிளப்ப வீட்டுக்காரனுக்குக் காரணத்துக்கா பஞ்சம்? ஒவ்வொரு வீட்டையும் காலி செய்யும்போது முனிலட்சுமி தரையைக் கழுவி, ஜன்னல் கம்பியைத் துடைத்து, கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தாள். எத்தனை பொறுப்பான பெண் என்று வீட்டுக்காரர்கள் மெச்சினார்கள். அத்தனையும் கோபம் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை.

பாகலூர் ரோட்டை ஒட்டின சந்தில் இருக்கும் இந்தத் தனி வீட்டில்தான் ஒன்பது வருஷம் தாக்குப்பிடித்தார்கள். மகள் மேகலா மூன்றாம் வகுப்பில் இங்கே வந்தாள், இப்போது பன்னிரண்டாவது. இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் அந்த வகுப்பு வரைக்கும் வந்த முதல் ஆள் அவள்தான். மார்ச் இரண்டாம் தேதி அரசுத் தேர்வு தொடங்குகிறது. இந்த வருஷம் வீட்டில் டி.வி. கிடையாது, விருந்தாளி கிடையாது, சம்பங்கி போனில் பாட்டு வைப்பது கூடக் கிடையாது.

பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் வீட்டு ஓனர் சென்னகிருஷ்ணன் பெங்களூரிலிருந்து போன் செய்தார். மகனோடு அங்கே போய்விட்ட மனுஷர். நாக்கில் தேன் தடவிக்கொண்டுதான் பேசுவார். வீட்டை விற்கலாம் என்று இருக்கிறேன், அவசரம் ஒன்றும் இல்லை, நல்ல விலை வந்தால் பார்க்கலாம் என்றார். முனிலட்சுமி ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள். மார்ச் இருபத்தாறாம் தேதி மத்தியானம் மேகலாவுக்குக் கடைசிப் பரீட்சை. அதுவரைக்கும் எங்களை அசைக்காதீர்கள், மறுநாளே சாவியைக் கொண்டுவந்து கொடுக்கிறேன் என்றாள்.

"ஐயோ, என்னம்மா நீ, மேகலா எனக்குப் பேத்தி மாதிரி. பரீட்ச முடியற வரைக்கும் உங்கள யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நானாச்சு" என்றார் சென்னகிருஷ்ணன்.

பதிலுக்கு அவருக்கு ஒரு சின்ன உதவி வேண்டுமாம். அசோக்குமார் என்று ஒரு புரோக்கர், வீடுகளை போட்டோ எடுத்து நெட்டில் போட்டு விற்கிறவன். அவன் ஞாயிற்றுக்கிழமை வருவான், வீட்டைக் கொஞ்சம் பார்வையாக வைத்துக் கொடுத்தால் போதும். முனிலட்சுமி சரி என்றாள். அவர் வாக்கு கொடுத்தார், நாம் வீட்டைப் பெருக்கிக் கொடுக்கிறோம், இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தாள்.

சனிக்கிழமையே அசோக்குமாரிடமிருந்து போனில் வரிசையாகக் குரல் செய்திகள் வந்தன. மதுரைப் பக்கத்துப் பையன், ஓசூருக்கு வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. அக்கா, தரையில ஒண்ணும் இருக்கக் கூடாது. அக்கா, செவுத்துல ஒண்ணும் இருக்கக் கூடாது. கொடிக்கயிறு, தண்ணி டிரம், கேஸ் சிலிண்டர், தினக்காலண்டர், கதவுக்குப் பின்னால் தொங்குகிற நைட்டி, எல்லாம் கண்ணில் படக் கூடாதாம். கடைசிச் செய்தியில், படம் எடுக்கும்போது ஆட்களும் ஒருத்தரும் இருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தான். ஒன்பது வருஷம் இந்த வீட்டில் மூச்சு விட்டவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காற்றோடு காற்றாகக் கரைந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஞாயிறு காலையில் சம்பங்கியும் அவளுமாகக் கட்டிலையும் டிரம்மையும் மூட்டைகளையும் மொட்டை மாடிக்கு ஏற்றித் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். மாடிப்படியில் சம்பங்கிக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. பத்து மணிக்கு அசோக்குமார், கேமராக்காரனோடும் ஓர் அட்டைப்பெட்டியோடும் வந்து இறங்கினான். பெட்டிக்குள் பிளாஸ்டிக் ஆப்பிள், பிளாஸ்டிக் பூங்கொத்து, ஒரு ஜன்னல் திரை. சமையலறை மேடையில் ஆப்பிளை அடுக்கினான். நிஜ ஆப்பிள் வாங்கி வைத்த வீடு இல்லை அது, பிளாஸ்டிக்காவது வந்ததே என்று முனிலட்சுமி நினைத்துக்கொண்டாள். அப்புறம் சாமி அலமாரியைப் பார்த்தான். வாங்க வருகிறவர்கள் எந்தச் சாமி கும்பிடுகிறவர்களோ, அந்தப் படங்களையும் எடுத்துவிடுங்கள் என்றான். முனீஸ்வரனை ஒரு துண்டில் சுற்றி மாடிக்குக் கொண்டுபோனபோது அவளுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன.

அதோடு விட்டானா? உள் அறைக்குப் போனான். அந்த அறையில் ஒரு சுவர் முழுக்க மேகலாவின் தாள்கள். வேதியியல் சமன்பாடு, இயற்பியல் சூத்திரம், எலும்புகளின் பெயர், சிவப்பு மையிலும் பச்சை மையிலும் அவளே எழுதி, மைதா மாவில் பசை காய்ச்சி ஒட்டியவை. மொத்தம் அறுபதுக்குக் குறையாது. அவள் படிக்கிற விதமே அதுதான். புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார மாட்டாள். சுவரைப் பார்த்து நடந்து நடந்து சொல்லுவாள், எந்தக் கேள்வி எந்த மூலையில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டுவாள்.

இது மட்டும் முடியாது தம்பி, இந்த அறையை விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள் முனிலட்சுமி. ஒரே ஒரு படுக்கையறை இருக்கிற வீட்டில் அதைக் காட்டாமல் எதைக் காட்டுவது என்று அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே ஓனருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். பேத்தி மாதிரி என்று சொன்ன அதே வாய், தாள்தானேம்மா, திரும்ப ஒட்டிக்கலாமே, பரீட்சைக்குத்தான் இன்னும் ஒரு மாசம் இருக்கிறதே என்றது. சம்பங்கி அவள் தோளைத் தொட்டு, விடு, இதச் செஞ்சு குடுத்தாத்தான் மார்ச் வரைக்கும் இருக்க முடியும் என்றான்.

அந்தப் பயல் கை வைக்க வேண்டாம் என்று அவளே ஈரத்துணி எடுத்தாள். நனைத்து நனைத்து உரித்தாள். மைதாப் பசை சும்மா விடுமா? பாதித் தாள் கையோடு வந்தது, பாதி சுவரோடு நின்றது. மேகலா கதவோரம் நின்று பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு செல்வம்மாளின் சமையலறையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அதற்கப்புறம் முனிலட்சுமி செய்ததை என்னவென்று சொல்வது. சுவரைச் சுரண்டினாள், தேய்த்தாள். அறைச் சுவர் முடிந்ததும் ஹால் சுவர். குளியலறை டைல்ஸ் இடுக்கில் ஒன்பது வருஷத்து உப்புக் கறையை ஆசிட் ஊற்றி பிரஷ்ஷால் எடுத்தாள். சுவிட்ச் பலகை, கதவுக் கீல், ஜன்னல் வலை, சிங்க்குக்கு அடியில் குழாய் வளைவு என்று ஒன்றையும் விடவில்லை. போதும்க்கா, போதும்க்கா என்று கேமராக்காரன் இரண்டு தடவை சொன்னான். அவள் காதில் விழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பகல் ஒரு மணி வரைக்கும் தேய்த்தாள். எல்லாம் முடிந்து கேமராக்காரன் அகலமாகக் காட்டும் லென்ஸை மாட்டிப் படம் எடுத்துக் காட்டியபோது பத்துக்குப் பத்து ஹால் கல்யாண மண்டபம் மாதிரி தெரிந்தது. தரையில் ஜன்னலின் நிழல் விழுந்து மின்னியது.

"அக்கா, புது வீடு தோத்துப் போகும்க்கா" என்றான் அசோக்குமார்.

ஒரு வாரம் கழித்து மேகலா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து போனை அம்மாவிடம் நீட்டினாள். கூடப் படிக்கிற பெண் யாரோ அனுப்பியிருக்கிறாள். அசோக்குமார் வாசலில் நின்று கையை விரித்து விரித்துப் பேசுகிற வீடியோ. கீழே பெரிய எழுத்தில் "காலி வீடு. உடனே குடியேறலாம்" என்று போட்டிருந்தது. முனிலட்சுமி இரண்டு தரம் வாசித்தாள். அவள் உட்கார்ந்திருந்த அதே இடம் படத்தில் இருந்தது, அவள் இல்லை. சமையல் மேடையில் எவனோ வாங்கின பிளாஸ்டிக் ஆப்பிள் இருந்தது, அவள் குழம்புச் சட்டி இல்லை.

அவள் ஓனரைக் கூப்பிட்டாள். விளம்பரம் என்றால் அப்படி இப்படித்தான் போடுவார்கள், நீ ஏன் மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறாய் என்றார். மேலும் இரண்டு நாள் போனதும் அவரே கூப்பிட்டார். குரலில் தேன் இருந்தது, கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. நல்ல பார்ட்டி கிடைத்துவிட்டது. ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக் குடும்பம், மகன் போனில் படத்தைப் பார்த்தே ஆசைப்பட்டு டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டான். ஊரில் இருக்கிற அவன் அம்மா வந்து ஒரு பார்வை பார்த்துச் சரி என்றால் அக்ரிமென்ட். யுகாதிக்கு முன்னால் பால் காய்ச்ச வேண்டும் என்று நாள் குறித்தாகிவிட்டது, மார்ச் ஒன்பது. அதனால் பிப்ரவரி இருபத்தெட்டுக்குள் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளுங்கள். வீட்டை நீ வைத்திருந்த அழகுதான்மா, பார்த்த உடனே விழுந்துவிட்டான் என்று வேறு சேர்த்துக்கொண்டார்.

மார்ச் ஒன்பது மேகலாவுக்கு வேதியியல் பரீட்சை.

நீங்கள் வாக்கு கொடுத்தீர்களே சார் என்றாள். அப்போது பார்ட்டி இல்லை, இப்போது இருக்கிறது என்று அவர் சொன்னார். போனை வைத்துவிட்டு முனிலட்சுமி சமையலறைக்குப் போனாள். கை தானாகப் பிரஷ்ஷைத் தேடியது. தேய்க்க ஒன்றும் மிச்சமில்லை. எல்லாவற்றையும் அன்றைக்கே தேய்த்துத் தீர்த்திருந்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அழுக்காக விட்டிருந்தால் இந்த வீடு ஆறு மாதம் விற்காமல் கிடந்திருக்கும். தன் கோபத்தாலேயே மகளை நடுத்தெருவில் நிறுத்தியாகிவிட்டது. நெற்றியில் ஓங்கி அறைந்துகொண்டாள். சம்பங்கி பதறிப் போய்க் கையைப் பிடித்தான்.

பதினைந்து நாள் வீடு தேடினார்கள். கிடைத்ததெல்லாம் உத்தனப்பள்ளி ரோட்டில் எங்கோ ஒரு மூலையில் இருந்தது. அங்கிருந்து பரீட்சை மையத்துக்கு இரண்டு பஸ். ஒன்று தவறினால் அந்த வருஷமே போச்சு. செல்வம்மாள் மேகலாவைத் தன் வீட்டில் வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். அந்த ஒற்றை அறையில் ஏற்கெனவே ஐந்து பேர் படுக்கிறார்கள். முனிலட்சுமி நாளொன்றுக்கு ஒரு தடவை ஓனருக்குப் போன் செய்து நியாயம் கேட்டாள். முதலில் சமாதானம் சொன்னார், அப்புறம் மீட்டிங் என்றார், அப்புறம் எடுப்பதையே விட்டுவிட்டார்.

கடைசியில் வீடு வாங்குகிறவனின் அம்மா பார்க்க வரும் ஞாயிறு வந்தது. முந்தின நாளே அசோக்குமாரின் குரல் செய்தி. எல்லாவற்றையும் மறுபடி மாடிக்கு ஏற்றிவிடுங்கள். அந்தம்மா கேட்டால் நல்ல ராசியான வீடு என்று சொல்லுங்கள். பெரியவர்கள் அதைத்தான் முக்கியமாகக் கேட்பார்கள். அது உண்மைதான். இந்தப் பக்கத்தில் வீடு வாங்க வருகிறவர்கள் பத்திரத்தைப் பார்ப்பதற்கு முன்னால், இதில் இருந்தவர்கள் எப்படி இருந்தார்கள் என்று கேட்பார்கள்.

முனிலட்சுமி ஒரு துரும்பைக்கூட நகர்த்தவில்லை. கொடியில் ஈரத்துணி தொங்கியது. டிரம் தன் இடத்தில் நின்றது. உள் அறைச் சுவரில் மேகலா புதிதாக எழுதி ஒட்டிய தாள்கள் இருந்தன. அவள் சுவரைப் பார்த்து நடந்து படித்துக்கொண்டிருந்தாள். அசோக்குமார் உள்ளே நுழைந்து, பேயறைந்தவன் மாதிரி நின்றான். கையைப் பிசைந்தான். அதற்குள் கார் வந்துவிட்டது.

அந்த அம்மாள் பெயர் ருக்மணியம்மா. அறுபத்தைந்து வயது இருக்கும். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, நிலைப்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்தாள். வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். மகனிடம் கன்னடத்தில், காலியாக இருக்கிறது என்றாயே என்றாள். அசோக்குமார் தன் அரைகுறைக் கன்னடத்தில் இவர்கள் இன்றோ நாளையோ கிளம்புகிறவர்கள் என்று மென்று விழுங்கினான். ருக்மணியம்மா அவனை விட்டுவிட்டு முனிலட்சுமியின் பக்கம் திரும்பினாள். இந்த வீட்டில் நீங்கள் நன்றாக இருந்தீர்களா அம்மா என்று கேட்டாள்.

கர்நாடக எல்லையை ஒட்டின தளிப் பக்கமும் தேன்கனிக்கோட்டைப் பக்கமும் வளர்ந்தவளுக்குக் கன்னடம் சொல்லியா கொடுக்க வேண்டும்? முனிலட்சுமி கன்னடத்திலேயே பதில் சொன்னாள். நன்றாக இருந்தோம், ஒன்பது வருஷத்தில் ஒரு கெட்டது நடக்கவில்லை, ராசியான வீடு என்றாள். அசோக்குமாரின் முகத்தில் ரத்தம் திரும்பியது. அவள் நிறுத்தவில்லை. நாற்பத்து நான்கு வருஷம் கையில் போய்க்கொண்டிருந்தது அன்று வாய்க்கு வந்தது.

"நான் பொய் சொல்ல மாட்டேன்மா. நல்லா இருந்தோம். ஆனா நல்லபடியா வெளிய போகல. உள்ள படிக்கறா பாருங்க, அவ என் பொண்ணு. நீங்க பால் காச்சற அன்னிக்கு அவளுக்குப் பரீட்ச. முடியற வரைக்கும் இருந்துக்கோன்னு வாக்குக் குடுத்தவர் இப்ப போன எடுக்கறதில்ல. நான் சாபம் உடற பொம்பள இல்ல. அந்தப் பழக்கம் என் வம்சத்துலயே கெடையாது. ஆனா வயிறு எரியுதும்மா. அத எப்பிடி நிறுத்தறதுன்னு எனக்குத் தெரியல. இந்த வயித்தெரிச்சலோட நான் எறங்கிப் போன அடுப்படியில உங்க பால் பொங்கணும். நல்லா யோசிச்சுக்கோங்க."

சம்பங்கி சுவரோடு சுவராக நின்றான். அசோக்குமாருக்குப் பாதிதான் புரிந்தது, அந்தப் பாதியே போதுமாக இருந்தது. மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், டோக்கன், முகூர்த்தம் என்று. ருக்மணியம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். உள் அறை வாசல்வரைக்கும் போய், சுவரையும் அதைப் பார்த்து நடக்கிற பெண்ணையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"எரியற வயித்து மேல நான் பால் வெக்க மாட்டேன்டா. அட்சய திருதியைக்கு வெச்சுக்கலாம். அதுவரைக்கும் இவங்க இங்கயே இருக்கட்டும். இல்லன்னா இந்த வீடே வேண்டாம்னு அந்த ஓனர்கிட்டச் சொல்லு" என்றாள் மகனிடம்.

பத்து நிமிஷத்தில் ஓனரிடமிருந்து போன் வந்தது. அட்சய திருதியை வரைக்கும் தாராளமாக இருங்கள் என்றார். இதை முதலிலேயே என்னிடம் சொல்லியிருக்கலாமே அம்மா என்றும் கேட்டார், அதே தேன் குரலில். முனிலட்சுமி போனை வைத்துவிட்டாள்.

கார் போன பிறகு சம்பங்கி வெகுநாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தான். அவளுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அவள் வாங்கவில்லை. முகம் இன்னும் கடுகடுவென்றுதான் இருந்தது. அதான் நாம கேட்டது கெடச்சிருச்சே, இன்னும் என்ன கோவம் உனக்கு என்றான்.

"பதினஞ்சு நாளா நாயமாத்தான கேட்டேன். ஒருத்தன் காதுலயும் உழல. வயிறு எரியுதுன்னு சொன்னதும் எல்லாருக்கும் கேக்குது. பாவம், அந்தம்மா என்னப் பாத்து பயந்து போயி எறங்குனாங்க. ஒரு வயசானவங்கள பயமுறுத்தித்தான் எம் பொண்ண பரீட்ச எழுத வெக்கணுமா? இதுக்குக் கோவப்படாம வேற எதுக்குப் படறது, நீயே சொல்லு."

உள் அறையில் மேகலா அமிலங்களின் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டு நடந்தாள். முனிலட்சுமி தரையில் உட்கார்ந்து, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சம்பங்கி ஒருமுறையும் பார்த்திராதபடி, வாய்விட்டு அழுதாள்.